மஞ்சள் துணி கட்டிய டேங்க்

ஸ்டார்ட் ஆகாத எஞ்சினில் பத்துக்கு ஒன்பதில் கோளாறே இருக்காது, மேடம். எஞ்சின் பாவம், வாயில்லா ஜீவன். அதைத் தொடுகிறவனிடம்தான் கோளாறு இருக்கும். இருபது வருஷமாகப் படகு எஞ்சின்தான் பார்க்கிறேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே எந்தக் குப்பத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், மெக்கானிக் பூவு என்றால் தெரியும். முழுப் பெயர் பூவராகவன். டீ வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்.

மேசை மேல் நான் கொண்டுவந்து வைத்திருக்கிற சிவப்பு டேங்க்கை மட்டும் யாரும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அதன் கழுத்தில் கட்டியிருக்கிற மஞ்சள் துணியையும் அவிழ்க்க வேண்டாம். நான் சொல்லி முடித்த பிறகு நீங்களே அவிழ்த்துப் பாருங்கள். கல்யாணி மேடம் நடுவில் கத்தாமல் கேட்பார் என்று ஊரில் சொன்னார்கள். அதனால்தான் பஞ்சாயத்தாரிடம் போகாமல் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் தம்பி லோகு கடலில் செத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. படகு சாலமோனுடையது. அலை உடைகிற இடத்தில் எஞ்சின் நின்றது, படகு புரண்டது. ‘எஞ்சின் பார்க்கத் தெரியவில்லை, என் தப்புதான்’ என்று சாலமோன் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அது தவறு. தவறான ஒன்று காகிதத்தில் ஏறி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்காது. நான் எதிலும் கொஞ்சம் சுத்தம் பார்க்கிறவன்.

சாலமோன் ஈ.சி.ஆருக்கு அந்தப் பக்கத்து ஆள். அவன் அப்பன் காலத்தில் அங்கே எல்லாம் நெல் வயல். அடுத்தவன் வயலில் நட்டும் அறுத்தும் பிழைத்தவர்கள். வயலெல்லாம் பிளாட் ஆன பிறகு ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். சிறுசேரி கம்பெனிகளில் காவலுக்குப் போனவர்கள் உண்டு, கேப் ஓட்டுகிறவர்கள் உண்டு, டீச்சர் ஆனவர்கள்கூட உண்டு. இவன் முட்டுக்காட்டில் டூரிஸ்ட்களுக்குத் துடுப்புப் படகு ஓட்டினான். பிறகு எங்கள் காசிநாதன் படகில் நாலு வருஷம் வலை இழுக்கிற ஆளாக வந்தான், எஞ்சினை மட்டும் அவர் யாரையும் தொட விடமாட்டார். நல்ல உழைப்பாளி. இல்லாததைச் சொல்ல மாட்டேன். எனக்குச் சாதி, மதம், அந்தப் பேதமெல்லாம் கிடையாது. அவன் மச்சான் ஜோஷ்வா கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தவன் நான். சாப்பிட மட்டும் நேரமில்லாமல் போயிற்று.

காசிநாதனுக்கு முட்டி வலி. இரண்டு மகன்களும் சிறுசேரியில் ஏசி ரூமில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர் படகையும் எஞ்சினையும் சாலமோனுக்கே விற்றுவிட்டார். நாலு வருஷமாக அந்தப் படகில் ஏறி இறங்கியவன், அவனுக்கே போகட்டும் என்றார். ஊரில் சிலர் முணுமுணுத்தார்கள். பஞ்சாயத்து கூடியது. அன்றைக்கு எழுந்து சாலமோனுக்காகப் பேசியவன் என் தம்பி லோகு. “கடலு இன்னா நம்ம பட்டா நெலமா? தொயில் தெரிஞ்சவன் வர்றான், வரட்டுமே” என்றான். பஞ்சாயத்தார் யோசித்து, சரி, ஊர் வழக்கப்படி செய்யட்டும் என்றார்கள். நல்ல மனிதர்கள். அவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய படகை ஒருவன் வாங்கினால், அடுத்த அமாவாசைக்குள் கடலுக்குப் போய் முதல் பாடு, அதாவது முதல் வலை மீன், கொண்டுவர வேண்டும். முதலில் பிடித்த மீனை வீட்டுக்கு ஒரு கை என்று ஊர் முழுக்கக் கொடுக்க வேண்டும். எல்லா வீட்டு அடுப்பிலும் அது வெந்த பிறகுதான் அந்தப் படகுக்குக் கரையில் இடம். தவறினால் இடம் கிடையாது, படகை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான். இன்னொன்று. முதல் பாட்டுக்குப் போகும்போது, எஞ்சினைத் தயார் செய்த மெக்கானிக் தன் கையால் டேங்க் கழுத்தில் மஞ்சள் துணி கட்டுவான். மீன் கரைக்கு வரும்வரை அதை யாரும் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் கடல் கோபித்துக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் கட்டுவேன்.

அந்த மீன் எங்கள் வீட்டு அடுப்புக்கும் வரும். அதை நினைத்துப் பார்த்தீர்களா மேடம்? அவன் கை போட்டு அள்ளிக் கொடுக்கிற மீன்.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன். படகு வாங்கின மறுநாள் காலையில் சாலமோன் என் ஷெட்டு வாசலில் வந்து நின்றான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவு வேர்வை.

“அண்ணாத்த, நேத்து காசி அண்ணன் இஸ்த்தப்போ ஒரே இழுப்புல புட்சிகிச்சி. இன்னிக்கி அஞ்சாறு நிமிசம் ஓடுது, இருமுது, நின்னுபூடுது. அப்பால இன்னா இஸ்த்தாலும் வர்ல. தோள்பட்ட கயண்டுக்கிச்சி.”

போய்ப் பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. டேங்க் மூடியின் தலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். காற்றுத் திருகு. படகை வண்டியில் ஏற்றும்போது பெட்ரோல் சிந்தாமல் இருக்க அதை மூடுவார்கள், ஓட்டும்போது திறந்துவிட வேண்டும். டேங்க்குக்குள் காற்று போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். மூடியிருந்தால், பிடித்து வைத்திருக்கிற பெட்ரோல் தீரும்வரை ஓடிவிட்டு எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். காசிநாதன் மூடியவர் சொல்ல மறந்துவிட்டார், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் அரை நிமிட வேலை.

நான் சொல்லவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. பிளக்கைக் கழற்றினேன், துடைத்தேன், பெட்ரோலை ஏற்றுகிற ரப்பர் பல்பை அமுக்கினேன், கார்பரேட்டரை ஊதினேன், கழன்றால் எஞ்சினை நிறுத்திவிடுகிற சிவப்புக் கிளிப்பைச் சரிபார்த்தேன். கடைசியாக டேங்க்கைத் தட்டுகிற மாதிரி குனிந்து, உள்ளங்கைக்கு அடியில் திருகைத் திறந்துவிட்டேன். கயிற்றை இழுத்தேன். எஞ்சின் சிரித்துக்கொண்டு எழுந்தது.

“உன் கை பட்டாதான் அதுக்கு உசுரு வருது, அண்ணாத்த,” என்றான் சாலமோன். கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தான். கிரீஸ் இருக்கிறது என்று கையை இழுத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கரையோரமாகப் போகும்போது அந்தத் திருகை நானே மூடிவிட்டேன். மறுநாளும். அதற்கு மறுநாளும். தினமும் காலையில் அவன் இழுப்பான், ஐந்தாறு நிமிடம் ஓடும், நிற்கும். நான் பார்க்கிற எஞ்சினில் வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். கரையில் உட்கார்ந்து வலை பிரிக்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. “இன்னா சாலமோனு, போட்டு வாங்கினியா, பொம்ம வாங்கினியா?” என்பார்கள். அவனும் சிரிப்பான். பிறகு என்னைத் தேடி வருவான். அலுத்துப்போய் படகை விற்றுவிட்டு ரோட்டைத் தாண்டிப் போய்விடுவான் என்று நினைத்தேன். அதில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்த எண்ணத்தில் தப்பு ஒன்றும் இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஆனால் அவன் அலுக்கவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு மனிதனுக்கு ரோஷம் வேண்டாமா? தினமும் அசிங்கப்படுகிறான், தினமும் இளித்துக்கொண்டு வருகிறான். அவன் பெண்டாட்டி ரெபேக்காள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து படகு நிழலில் உட்கார்ந்துகொள்வாள். லோகுவும் அவர்களோடு உட்காருவான். மூன்று பேரும் ஒரே தூக்கில் கை விட்டுச் சாப்பிடுவார்கள். நான் ஷெட்டிலிருந்து பார்ப்பேன். லோகு விரலை நக்குவான். எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் பெரிய கேனிலிருந்து டேங்க்குக்குப் பெட்ரோல் மாற்ற வேண்டியிருந்தது. தூக்கி ஊற்றினால் சிந்தும். டியூபின் ஒரு முனையைக் கேனில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினால் தானாக இறங்கும். நாங்கள் எல்லாரும் செய்வதுதான். சாலமோன் உறிஞ்சினான். காற்று வாங்கிவிட்டது, வரவில்லை. வாயிலிருந்து எடுத்து அப்படியே என் முகத்துக்கு நேராக நீட்டினான். “எனக்கு வர்ல. நீ ஒரு தபா இஸ்த்துப் பாரு, அண்ணாத்த.”

முனையில் அவன் எச்சில் பளபளத்தது. எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது, மேடம். மறைக்காமல் சொல்கிறேன். காதுக்குப் பின்னால் வேர்த்து, வாயெல்லாம் உப்புத் தண்ணீர் ஊறியது. நான் கிரீஸுக்கு அருவருப்புப் பட்டவன் இல்லை. எஞ்சின் விசிறியில் சிக்கி அழுகிப்போன ஆமையை முழங்கை வரை கையை விட்டு வெட்டி எடுத்திருக்கிறேன். அதே கையைக் கழுவிவிட்டு நாஸ்தா சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்த டியூப் முனையை என்னால் பார்க்க முடியவில்லை. லோகு என் கையைத் தள்ளிவிட்டு அதை வாங்கினான். துடைக்கக்கூட இல்லை. வாயில் வைத்து ஒரே இழுப்பு. பெட்ரோல் வந்தது. இரண்டு பேரும் துப்பிவிட்டுச் சிரித்தார்கள்.

அன்றைக்கு அந்த டியூபில் ஒரு சாண் வெட்டி எறிந்தேன். வெடிப்பு விட்டிருந்தது என்று லோகுவிடம் சொன்னேன். வீட்டில் அவன் குடித்த சொம்பில் நான் தண்ணீர் குடிக்கவில்லை. அம்மா கேட்டாள், சளி பிடித்திருக்கிறது என்றேன்.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருக்கும்போது சாலமோன் ஒரு நோட்டோடு வந்தான். நான் தினமும் என்னென்ன செய்கிறேன் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தான். முதலில் கிளிப், பிறகு பல்பு, பிறகு டியூப், பிறகு பிளக். எழுத்து முத்து முத்தாக இருந்தது. தினமும் உனக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது, நானே கற்றுக்கொள்கிறேன் என்றான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. பிறகு பென்சிலை ஒரு வரியில் வைத்துக்கொண்டு கேட்டான்.

“கட்சியா ஒரு தபா குனிஞ்சி டேங்க்க தொட்றியே, அண்ணாத்த. அது இன்னாத்துக்கு? அது ஒண்ணுதான் எனக்குப் புரியல.”

கையைத் துணியில் துடைத்துக்கொண்டேன். “சாமி கும்புட்றேன்” என்றேன்.

அவன் தலையாட்டினான். நோட்டில் எழுதிக்கொண்டான். மறுநாள் காலையில் பார்க்கிறேன், கிளிப், பல்பு, டியூப், பிளக் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியாக டேங்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். அவன் கும்பிடுகிற சாமி வேறு. இருந்தாலும் ஒற்றிக்கொண்டான். விரல் திருகின் மேலேயே பட்டுவிட்டுப் போயிற்று. இனி இரண்டு நாள் விட்டால் கண்டுபிடித்துவிடுவான் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

அதற்குப் பிறகுதான் வேறு மாதிரி யோசித்தேன். நான் அவசரப்படுகிறவன் இல்லை. ஷெட்டில் பெரிய டிரம்மில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதில் மாட்டினேன். டேங்க்கை விளிம்பு வரை நிரப்பினேன், ஏனென்றால் உள்ளே காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு சீக்கிரம் மூச்சடைக்கும். திருகை மூடி, எஞ்சினை இழுத்துவிட்டு, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. என் கை இரண்டும் அழுக்கு. சாலமோனே அவன் போனை எடுத்து நேரம் பார்த்துச் சொன்னான்.

“நாலு நிமிசம், பத்து செகண்டு, அண்ணாத்த,” என்றான். சோதனையில் அவனுக்கும் பங்கு கிடைத்ததில் சந்தோஷம். கார்பரேட்டரில் மண் இருக்கிறது, சுத்தம் பண்ணித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

கணக்கு சுலபம். எங்கள் கரையில் இரண்டு அலையைத் தாண்டலாம், மூன்றாவதுதான் பொல்லாதது. அங்கே எஞ்சின் இருந்தால் படகு ஏறி இறங்கும். எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை அதைக் கவிழ்த்து ஆள் மேலேயே போடும். ஒரு தரம் புரண்டால் கடலே வேண்டாம் என்று ஓடிவிடுவான், நான் நினைத்தது அவ்வளவுதான் என்று உங்களிடம் சொல்லலாம் என்றுதான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆனால் அது பொய். கவிழ்ந்த படகுக்கு அடியில் மாட்டினவன் பிழைப்பதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அப்பா அப்படித்தான் போனார். கடலுக்குப் புதுசு, திருகு திறக்கக்கூடத் தெரியவில்லை, பாவம் என்று ஊரே சொல்லும். அதற்குப் பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரும் படகு வாங்க வர மாட்டார்கள். அதையும் யோசித்தேன். ரைட்டர் அண்ணன் இதை விடாமல் எழுதிக்கொள்ளட்டும்.

அமாவாசைக்கு முந்தின நாள், நல்ல வெளிச்சம் வந்த பிறகு படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஊரே வந்திருந்தது. காசிநாதன் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் அம்மா ஆராயி தேங்காய் உடைத்தாள். ரெபேக்காள் முக்காடு போட்டுக்கொண்டு கண்ணை மூடி ஜெபம் பண்ணினாள். நான் தண்ணீரில் இறங்கி, திருகை இறுக்கி மூடி, அதன் மேல் மஞ்சள் துணியை நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. கரையில் விசில் அடித்தார்கள்.

கற்பூரம் அணையும்வரை எஞ்சின் நின்ற இடத்தில் ஓடட்டும், சூடாகட்டும் என்று நான்தான் சொன்னேன். கற்பூரமும் நான் வாங்கி வந்ததுதான். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே எரிந்தது.

சாலமோனும் ஜோஷ்வாவும் படகில் இருந்தார்கள். மூன்றாவது ஆளாக வருகிறேன் என்று சொன்ன அவர்கள் பக்கத்துப் பையன் வரவில்லை. கற்பூரம் அணையப்போகிற நேரத்தில் லோகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டான்.

“ஆளு கொறயுது, நான் போயாறேன்,” என்று என்னைப் பார்த்துச் சொன்னான். “மொதோ பாட்டு மீன நம்ம வூட்டுக்கு நானே எடுத்தாறேன், அண்ணாத்த. அம்மாவ கொழம்புக்குப் புளி கரைக்கச் சொல்லு.”

நான் இடுப்பளவு தண்ணீரில் படகின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் துணி என் கைக்கு ஒரு முழத் தூரம். ஒரு வார்த்தை போதும். முடிச்சைத் தட்டிவிட்டால் போதும். எறங்குடா என்று அதட்டினால்கூட இறங்கியிருப்பான், சின்ன வயதிலிருந்தே எனக்குப் பயப்படுகிறவன். அவன் பிறந்தபோது எனக்குப் பதினாலு வயசு. அவனை நடக்கப் பழக்கினது நான்.

வாயைத் திறந்தேன், மேடம். சத்தியமாகத் திறந்தேன். அந்த நேரத்தில் சாலமோன் தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடித்துவிட்டு லோகுவிடம் கொடுத்தான். லோகு அண்ணாந்து ஊற்றிக் குடித்திருக்கலாம். அவனும் வாய் வைத்தான். குரல்வளை ஏறி இறங்கக் குடித்தான். எனக்குக் குமட்டியது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். போகட்டும், இவனும் அவர்களில் ஒருவன் ஆகிவிட்டான் என்று ஒரு எண்ணம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

முதல் அலையைத் தாண்டினார்கள். இரண்டாவதையும் தாண்டினார்கள். எஞ்சின் இருமியது கரைக்கே கேட்டது. பிறகு நின்றது. லோகு கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். சாலமோன் பதறவில்லை. நான் சொல்லிக்கொடுத்த வரிசையிலேயே பார்த்தான். கிளிப்பைத் தொட்டான். பல்பை அமுக்கினான். டியூபைத் தடவினான். பிளக்குக்கு நேரமில்லை. கடைசியாக டேங்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கரையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்றாவது அலை வந்தது.

ஜோஷ்வாவுக்குக் கை முறிந்தது. சாலமோன் முங்கி முங்கி லோகுவைப் படகுக்கு அடியிலிருந்து இழுத்து, தோளில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தான். லோகு போய்விட்டான். உங்கள் காகிதத்தில் இருப்பதும் அதுதான். டேங்க் அடுத்த நாள் கரையில் ஒதுங்கியது. முடிச்சு அவிழவில்லை. நான் போடுகிற முடிச்சு அவிழாது.

இவ்வளவும் செய்தவன் ஏன் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று யோசிக்கிறீர்கள். தம்பி செத்த துக்கம் என்று நினைப்பீர்கள். துக்கம் இருக்கிறது. ஆனால் அதற்காக வரவில்லை.

பத்தாம் நாள் காரியத்தன்று சாலமோன் எங்கள் தெருவில் மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். என் தப்பு, என் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டான். ஊரில் ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. கடல் எடுத்ததுக்கு நீ என்ன பண்ணுவாய் என்றார்கள். அடுத்த அமாவாசை வரைக்கும் தவணை கொடுத்துவிட்டார்கள், படகுக்கு. அம்மா வெளியே வந்தாள். அவன் தலையைத் தடவினாள்.

“உள்ள வாய்யா. அவன் இருந்தா உன்ன தெருவுல குந்த வச்சிருப்பானா?” என்றாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். லோகுவின் தட்டை எடுத்தாள், மேடம். அவன் பெயர் வெட்டின எவர்சில்வர் தட்டு. அதில் சோறு போட்டு, தானே பிசைந்து அவன் வாயில் ஊட்டினாள். “இனிமே நீயும் எனக்கு ஒரு புள்ளதான்” என்றாள். என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னாடா மரமாட்டம் நிக்கற? உன் தம்பிக்கு வாயி வச்சி மூச்சு ஊதினவன்டா இவன். தண்ணி மொண்டு குடுடா” என்றாள்.

நான் புழக்கடைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அவன் தினமும் வருகிறான் இப்போது. பழி அவன் மேல் இருக்கிறவரை அழுதுகொண்டு வருவான், அம்மா மன்னித்துக்கொண்டே சோறு போடுவாள். அந்தப் பழி அவனுடையது இல்லை என்று தெரிந்துவிட்டால் எங்கள் வீட்டு வாசலில் அவனுக்கு என்ன வேலை? பொய்யின் மேல் ஒரு உறவு ஒட்டக் கூடாது. நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? அதற்காகத்தான் வந்தேன். இப்போது அவிழ்த்துப் பாருங்கள்.

இறுக்கமாக இருக்கும், ரைட்டர் அண்ணன் கத்தி வைத்திருந்தால் அறுத்துவிடுங்கள். ஆம், அந்தத் திருகுதான். கையால் திருப்பிப் பாருங்கள். முழுக்க மூடியிருக்கிறதா? அவ்வளவுதான். கால் சுற்று திருப்பினால் திறந்துவிடும். உஸ்ஸென்று சத்தம் வருகிறது பாருங்கள், அது பன்னிரண்டு நாளாக உள்ளே போகக் காத்திருந்த காற்று.

என்ன கேட்டீர்கள்? கரையில் நடந்ததை ரெபேக்காள் உங்களிடம் சொன்னாளா?

அவள் பக்கத்தில் இருந்தாள், பார்த்திருப்பாள். அதை நான் மறைக்க நினைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாலமோன் மணலில் லோகுவைப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து ஊதினான். முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம். ஊதினான், எடுத்தான், ஊதினான். லோகு இருமினான். இரண்டு தரம். வாயோரத்தில் தண்ணீரும் நுரையும் வந்தது. கை விரல் அசைந்தது. நான் குனிந்துதான் இருந்தேன், எனக்குத் தெரிந்தது. சாலமோன் மறுபடி வாயை வைக்கக் குனிந்தான்.

நான் அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துத் தள்ளினேன். எங்க ஆள நாங்க பாத்துக்கறோம், தொடாத என்றேன். அண்ணன் துக்கத்தில் பேசுகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள். நாலு பேர் சாலமோனைப் பிடித்துக்கொண்டார்கள். ஊதணும், இன்னும் ஊதணும் என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆயிற்று. எனக்கும் ஊதத் தெரியும், மேடம். பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். வாய் வைத்தால் போதும். ஆனால் அந்த வாயில் அப்போதுதான் அவன் வாய் வைத்திருந்தான்.

என் தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். துண்டை நனைத்து அவன் உதட்டைத் துடைத்தேன். உள்ளே பல் வரைக்கும் துடைத்தேன். மூச்சு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன் போல. அம்மாதான் என் கையைப் பிடித்தாள். இன்னாத்துக்குடா அவன் வாயவே தொட்ச்சிகினு கீற என்று கேட்டாள். மணல் ஒட்டியிருக்கிறது என்று சொன்னேன்.

மணல்தான், மேடம். எனக்கு அந்தப் பேதமெல்லாம் கிடையாது.